வாடிக்கையாளர் ‘சரி’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

நான் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். 18 வருடங்களாக இதுதான் தொழில். கோடு போடக் கற்றுக்கொள்ள ஐந்து வருடப் படிப்பு இருந்தது. கோடு போடச் சொல்லி வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு வகுப்புகூட இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாடிப்படி.

தொழிலுக்கு வந்த நான்காவது வருடம் அமைதியான மனிதர் ஒருவர் வந்தார். மூன்று முறை பிளானைக் காட்டினேன். மூன்று முறையும் தலையை ஆட்டி, “சரி மேடம்” என்றார். திருத்தம் இல்லை, கேள்வி இல்லை. இப்படி ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்குகிற தொழில் இது. என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே ‘சுலபமானவர்’ என்று எழுதி வைத்தேன். சுவர்கள் ஜன்னலுக்கு மேல் எழும்பிய பிறகு ஒருநாள் கட்டுமான இடத்துக்கு வந்தவர், கூடத்தின் நடுவே நின்று, “படி இங்கேயா வருகிறது?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவருக்குப் பிளான் பார்க்கத் தெரியாது. அதைச் சொல்ல மூன்று முறையும் கூச்சப்பட்டிருக்கிறார். மூன்று முறையும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு சுவரை இடித்தோம். இரண்டு வாரம் போயிற்று. இடித்த செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய ‘சரி’க்குப் பொருள், ‘எனக்குப் புரியவில்லை, ஆனால் நீங்கள் படித்தவர்’ என்பது. அதற்குப் பிறகு வேறு பல ‘சரி’களைக் கேட்டுவிட்டேன். ‘சரி, பேச்சை முடியுங்கள்’ என்று ஒன்று உண்டு. ‘சரி, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று ஒன்று. ‘சரி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதலில் சொல்லுங்கள்’ என்று இன்னொன்று. ‘எனக்குச் சம்மதம்’ என்ற பொருளில் வருகிற ‘சரி’ அபூர்வம்.

நீங்கள் கணக்கு எழுதுபவராக இருக்கலாம், இணையதளம் கட்டுபவராகவோ மொழிபெயர்ப்பவராகவோ இருக்கலாம். இன்னொருவர் மனத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கி வேலை செய்கிறவர் என்றால் உங்களுக்கும் ஒரு மாடிப்படி காத்திருக்கிறது. அதற்கு முன்பே செய்துகொள்ளக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

நான்கு வண்ணங்களில் நான் ஏமாந்தது

மாடிப்படி விவகாரத்துக்குப் பிறகு வாடிக்கையாளர்களைப் புரிந்துகொள்வது பற்றிய ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். மனிதர்கள் நான்கு வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வண்ணம் என்று சொன்னார்கள். இந்த நான்கின் வேர் பழையது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை நான்காகப் பகுத்தார். (வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் நாயகியைப் படைத்தவரும் அவர்தான்.) அதை வைத்து வினாத்தாள்களைத் தயாரித்து அலுவலகங்களுக்கு விற்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

பயிற்சியில் எனக்குக் கிடைத்த பக்கத்தைப் படித்து அசந்துபோனேன். ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே சில நேரம் தயங்குகிறீர்கள்’ என்று இருந்தது. என்னையேதான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஃபோரர் செய்த சோதனையைப் பிறகுதான் அறிந்தேன். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, ஒவ்வொருவர் கையிலும் அவரவருக்கான முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதையும் அவர் பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார்.

வகை பிரிப்பது முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். எல்லோரும் நம்மைப் போலவே கேட்கிறார்கள், நம்மைப் போலவே முடிவெடுக்கிறார்கள் என்ற நினைப்பை அது உடைக்கிறது. ஆனால் பெட்டியில் போட்டு மூடியபின் அந்த ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். இயல்பு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அவருடைய அன்றைய நிலைமை.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் உரையாற்றச் சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அவரைக் கிடத்தியவர்களும் ஆய்வாளர்களே. நேரம் நிறைய இருக்கிறது என்று நம்பியவர்களில் 63 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். நல்ல மனம் யாருக்கு அதிகம் என்று அளந்து பார்த்திருந்தால் ஏமாந்திருப்போம், கடிகாரம்தான் தீர்மானித்திருக்கிறது.

நான் ‘சிடுமூஞ்சி’ என்று முடிவுகட்டியிருந்த ஒருவர் வாடகை வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதக் கெடுவில் இருந்தார் என்பது எனக்கு ஐந்தாவது சந்திப்பில்தான் தெரிந்தது. முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்கலாம்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

வேலையைப் பற்றிய கேள்விகளை எல்லோரும் கேட்கிறோம். ஆளைப் பற்றி அறிய எனக்கு நான்கு கேள்விகள் போதுகின்றன. விசாரணை போல வரிசையாகக் கேட்காமல் பேச்சோடு பேச்சாக நுழைத்துவிடுவேன்.

“இதற்கு முன் இப்படி ஒரு வேலை செய்துபார்த்திருக்கிறீர்களா? அதில் எது உங்களைப் படுத்தியது?” நான்கிலும் பொன்னான கேள்வி இது. “முன்பு போட்டுக்கொடுத்தவர் போனையே எடுக்கமாட்டார்” என்றால் அவருக்கு வேண்டியது அழகான பிளானைவிட முதலில் ஒரு பதில். “முதலில் சொன்ன தொகை வேறு, முடிவில் வந்தது வேறு” என்றால் அவரிடம் எந்தப் பேச்சையும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

“இதை வேறு யாரெல்லாம் பார்க்க வேண்டும்?” என்பது இரண்டாவது. “யார் முடிவெடுப்பார்கள்?” என்று நேராகக் கேட்டால் ரோஷம் வந்து “நான்தான்” என்பார்கள். பார்க்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால் பட்டியல் தானாக வரும்.

“எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் உங்களுக்குச் சிக்கல்?” மூன்றாவது. எப்போது வேண்டும் என்று கேட்டால் எல்லோருக்கும் நேற்றே வேண்டும். சிக்கல் எப்போது என்று கேட்டால்தான் உண்மையான கெடு வெளியே வரும்.

நான்காவது, “அவசரமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் போனில் அழைக்கட்டுமா, எழுதி அனுப்பட்டுமா?” இந்தப் பதிலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடியுங்கள். எழுதச் சொன்னவரைப் போனில் அழைத்தால், நீங்கள் சொல்லும் விஷயம் காதில் விழுவதற்கு முன்பே எரிச்சல் வந்துவிடும்.

பேசாதவர்

என் அனுபவத்தில் அதிகம் சேதம் விளைவிப்பவர் சத்தம் போடுகிறவரைவிட, பேசாதவர்தான். அதிலும் தவறு பெரும்பாலும் நம்முடையது. நான் வேகமாகப் பேசுகிறவள். இடைவெளி விழுந்தால் பதறிப்போய் நானே நிரப்பிவிடுவேன். ஒரு மாதம் எனக்கு நானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டேன்: கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணாமல் வாயைத் திறப்பதில்லை. முதல் வாரம் நரகம். ஆனால் ‘பேசாதவர்கள்’ என்று நான் எழுதி வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் நான்காவது எண்ணில் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் அமைதியானவர்களாக இருந்ததே இல்லை. நான் இடம் விடாமல் இருந்திருக்கிறேன்.

மற்றப் பாதிக்கு வேறு வழி வேண்டும். முதலாவதாக, “புரிந்ததா?” என்ற கேள்வியை அகராதியிலிருந்தே நீக்கிவிடுங்கள். அதற்கு மரியாதையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் பிளானை மேசையில் விரித்து, “இரவு பத்து மணி, இரண்டு கையிலும் பை. வாசலிலிருந்து படுக்கையறைவரை விரலால் நடந்து காட்டுங்கள்” என்பேன். பிளான் புரியாதவருடைய விரல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அப்போது யாரும் யாரையும் குறை சொல்லாமல் விஷயம் தெரிந்துவிடும். இணையதளம் கட்டுகிறவர் கைப்பேசியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, “ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். கணக்காளர் போன வருடத்து அவருடைய சொந்த எண்ணை எடுத்துப்போட்டு, “இது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கலாம்.

இரண்டாவது, காகிதத்தை விட்டு வெளியே வாருங்கள். சந்தேகம் இருந்தால் நான் இப்போது காலி மனையிலேயே சுண்ணாம்புத்தூளால் முழு அளவில் கோடு போட்டுவிடுகிறேன். அரை மணி நேர வேலை. மூன்று மாதமாக வாய் திறக்காத ஒருவர் அந்தக் கோடுகளுக்குள் நின்றவுடன், “இந்த அறையில் அலமாரியை வைத்தால் கதவு எப்படித் திறக்கும்?” என்று கேட்டார். அவர் கேட்டது மிகவும் சரி. கதவு திறந்திருக்காது.

நமக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிவது அவருக்கு ஏன் தெரியவில்லை என்று எரிச்சல் வரும்போது நான் நினைத்துக்கொள்கிற சோதனை ஒன்று இருக்கிறது. 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, சிலரை எல்லோரும் அறிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் தட்டச் சொன்னார். கேட்கிறவர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனத்துக்குள் பாட்டு ஓடுகிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பதெல்லாம் டொக் டொக்தான். என் மூன்று பிளான்களும் அந்த மனிதருக்கு டொக் டொக் என்றுதான் கேட்டிருக்கும்.

கேள்விமேல் கேள்வி கேட்பவர்

ஒரு பெண்மணி இரவு பதினொன்றரைக்கு 14 கேள்விகள் அனுப்புவார். காலையில் நான் சுருக்கமாக, கொஞ்சம் வெடுக்கென்று பதில் போடுவேன். அன்றிரவு 17 வரும். என்னை நம்பவில்லை என்று எனக்குக் கோபம். உண்மையில் அவர் நம்பவில்லைதான், காரணத்தோடு. முன்பு ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போயிருக்கிறார். சன்ஷேட் எத்தனை அங்குலம், கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: நீங்களும் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களா? அதற்கு அங்குலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு செய்தது இதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அவர் கேட்காமலேயே ஐந்தாறு வரி அனுப்பினேன். நடந்தது என்ன, நடக்காதது என்ன, ஏன் நடக்கவில்லை, அடுத்த வாரம் என்ன. ஒன்றுமே நடக்காத வாரத்திலும் ‘ஒன்றும் நடக்கவில்லை, மழை’ என்று அனுப்பினேன். அந்த ஒருவரிச் செய்திதான் மற்றவற்றைவிட அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்றேன்: “பொறியாளரிடம் கேட்டுப் புதன்கிழமை சொல்கிறேன்.” புதன்கிழமை சொன்னேன். ஒரு மாதத்தில் இரவுக் கேள்விகள் நின்றன. கேள்வி கேட்கிறவரிடம் விஷயத்தை ஒளிக்கவோ சுருக்கவோ செய்தால் பயம் பெருகும். குறித்த நாளில் குறித்தபடி பேசினால் அடங்கும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக

அவசரக்காரரிடம் முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். பின்கதை வேண்டாம். இரண்டு வழிகளைக் காட்டி, நீங்கள் எதைத் தேர்வீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். ஆனால் பிறகு மாற்றவே முடியாத ஒன்று இருந்தால், அதை மட்டும் தனித்தாளில் எழுதி, அவர் படித்துக் கையெழுத்துப் போடும்வரை நகராதீர்கள்.

எல்லாம் தெரிந்தவரிடம் போட்டி போடாதீர்கள். அவருக்குத் தெரிந்ததில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாரம் தாங்குகிற சுவரை எடுக்கச் சொன்னால் மட்டும் பேரம் கிடையாது. அதைச் சிரிக்காமல், நீட்டி முழக்காமல் சொல்லவேண்டும்.

நண்பராகிவிடுகிற வாடிக்கையாளரிடம்தான் அதிகக் கவனம் தேவை. இரண்டு மணி நேரம் இனிமையாகப் பேசிவிட்டு எழுந்தால் எதுவுமே முடிவாகியிருக்காது.

மனத்தை மாற்றிக்கொண்டே இருப்பவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ஐந்து முறை சமையலறையை இடம் மாற்றினார். ஒவ்வொரு முறையும் “பார்க்கலாம் மேடம்” என்று எழுந்து போவார். நான்கு நாள் கழித்துப் புதிய யோசனையோடு வருவார். நிலையற்ற மனம் என்று நினைத்தேன். ஐந்தாவது முறை, “இதை யாருக்குக் காட்டினீர்கள்?” என்று கேட்டேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு. பாதிப் பணம் அவருடையது. அக்கா ஒவ்வொரு முறையும் போட்டோவில் பார்த்து ஒரு கருத்துச் சொல்ல, தம்பி அதைத் தன் யோசனை போலக் கொண்டுவந்திருக்கிறார். “அக்காவையும் சேர்த்து ஒருமுறை பேசுவோமா?” என்றேன். நாற்பது நிமிட வீடியோ அழைப்பில் சமையலறை இடம் பிடித்தது. அவர் மனம் மாறவே இல்லை. நான்தான் தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

தம்பதியாக வருகிறவர்களிடமும் இதே கவனம் வேண்டும். பேசுகிறவரையே பார்த்துப் பேசுவது நம் வழக்கம். நான் இப்போது காகிதத்தை யார் தொடுகிறார்கள் என்று பார்க்கிறேன். பேசாமல் இருந்தவர் பிளானைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால், அடுத்த கேள்வி அவருக்கு.

எழுதி அனுப்புவது

க்ரூகர், எப்லி முதலான உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். ஆகவே எழுத்தில் நகைச்சுவை வேண்டாம், குத்தல் வேண்டவே வேண்டாம். எழுத்தின் வேலை முடிவுகளைப் பதிவது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு அன்றே இப்படி அனுப்புகிறேன்:

“வணக்கம் சார். இன்று முடிவானவை: படி வடக்குச் சுவரை ஒட்டி, கீழ்த்தளத்தில் இரண்டு படுக்கையறை. முடிவாகாதது: பால்கனியின் அகலம். நான் செய்யவேண்டியது: திருத்திய பிளான், திங்கட்கிழமைக்குள். நீங்கள் செய்யவேண்டியது: பால்கனி பற்றி அம்மாவிடம் கேட்டுச் சொல்வது. நான் தவறாகப் புரிந்துகொண்டது இருந்தால் திருத்துங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நம்மைத் திருத்துவதற்கு அவருக்கு அது அனுமதிச் சீட்டு.

கெட்ட செய்தியும் கோபமும்

கெட்ட செய்தியை மட்டும் எழுதக்கூடாது. அதே நாளில், குரலில். என்ன நடந்தது, அதனால் அவருக்கு என்ன ஆகும், இரண்டு வழி என்ன, எந்த நாளுக்குள் அவர் சொல்லவேண்டும் என்ற வரிசையில் சொல்லுங்கள். பேசியதைப் பிறகு எழுத்தில் உறுதி செய்யலாம். எழுதியே அனுப்பச் சொல்லியிருந்தவருக்கு, “ஒரு சிக்கல், எப்போது அழைக்கட்டும்?” என்று முதலில் ஒரு வரி போதும். நாள் தள்ளினால், சிக்கலோடு நாம் மறைத்ததும் சேர்ந்து இரண்டாகிவிடும்.

கோபமாக வருகிறவரிடம் முதல் சில நிமிடம் விளக்கம் சொல்லாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் இது இன்னும் கடினம். நான் நோட்டை எடுத்து அவர் சொல்வதை அவர் கண்ணெதிரே எழுதுவேன். ஒருவர் எழுதுவதைப் பார்த்தால் சொல்கிறவரின் வேகம் குறைகிறது. எழுதும் வேகத்துக்கு ஏற்ப அவரே நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்குகிறார். முடித்ததும் படித்துக்காட்டி, “வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?” என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் என் பேச்சு. தவறு என்னுடையது என்றால் முதல் சொல் மன்னிப்பு. அதோடு ‘ஆனால்’ என்ற சொல் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

எல்லோரையும் புரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பதும் இல்லை. என்னிடம் வேலை செய்யும் பையனை மரியாதையில்லாமல் பேசிய ஒருவரிடம் அதுவரை போட்ட வரைபடங்களையும் மீதிப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்குள்ளும் ஏதோ ஒரு பயம் இருந்திருக்கும். அதைத் தோண்டிப் பார்ப்பது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

நோட்டில் எழுதுவது, எழுதாதது

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘எண்ணை முதலில் கேட்பார்’, ‘மாலை ஆறுக்குமேல் போன் வேண்டாம்’, ‘அக்காவுக்குப் படம் அனுப்பவேண்டும்’ என்று கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். ‘கஞ்சன்’, ‘குழப்பவாதி’, ‘சுலபமானவர்’ போன்ற பட்டங்கள் வேண்டாம்.

இந்த விதியை நான் கற்றதும் ஒரு வாடிக்கையாளரிடம்தான். ஒரு ஜன்னலை இறக்கச் சொல்லி மூன்று சந்திப்புகளாக வற்புறுத்திக்கொண்டிருந்தார். வெளித்தோற்றத்தில் மற்ற ஜன்னல்களோடு வரிசை தப்பும் என்று நான் மறுத்துக்கொண்டிருந்தேன். நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. அவர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்: ‘பிடிவாதக்காரர்’. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சிறிது நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடிவாதம் இல்லை மேடம். அது அப்பாவின் அறை. அவரால் எழுந்து உட்கார முடியாது. படுத்தபடியே தெருவைப் பார்க்கவேண்டும் என்கிறார்.”

மூன்றடி உயரத்தில் இருந்த ஜன்னலின் அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கி வரைந்தேன்.